யார்க் நகரில் எந்தப் பக்கம் வீடு பார்ப்பது?

இங்கிலாந்தின் யார்க் நகருக்கு வரும் கோடையில் குடிபெயரவிருக்கும் ஒரு குடும்பத்தின் கேள்வி இது. மனைவிக்கு யார்க் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கணவர் வாரத்தில் மூன்று நாள் ரயிலில் லீட்ஸ் சென்று வர வேண்டும். ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள். முதலில் வாடகைக்கு இருந்துவிட்டுப் பிறகு வீடு வாங்கும் எண்ணம். நகர மையத்தைச் சுற்றியுள்ள பழங்கால மதிலுக்கு உள்ளே பழைய தெருக்களில் வசிப்பது நல்லதா, நகருக்கு வெளியே உள்ள கிராமங்களில் பெரிய வீடாகப் பார்ப்பது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே உங்களுக்குப் பொருந்தா என்பது என் கருத்து. மதிலை ஒட்டி வெளியே, நடந்தோ சைக்கிளிலோ இருபது நிமிடத்தில் மையத்தை அடையக்கூடிய வளையத்தில் தேடுங்கள். அந்த வளையத்திலும், எவ்வளவு தூரம் என்பதைவிட எந்தப் பக்கம் என்பதுதான் உங்கள் அன்றாட வாழ்க்கையைத் தீர்மானிக்கும்.

அதற்குக் காரணம் நகரின் அமைப்பு. கி.பி. 71-இல் ரோமானியப் படை இங்கே கோட்டை கட்டியபோது, ஊஸ் ஆறும் ஃபாஸ் ஆறும் கூடும் இடத்தைப் பார்த்துத்தான் கட்டியது. இரண்டு பக்கம் தண்ணீரே காவல் காக்கும் என்பது கணக்கு. அன்று பகைவரைத் தடுத்த அதே ஆறுகள் இன்று வேலைக்குப் போகிறவர்களைத் தடுக்கின்றன. நகரின் நடுவே கார்கள் ஊஸ் ஆற்றைக் கடக்க லெண்டல் பாலம், ஊஸ் பாலம், ஸ்கெல்டர்கேட் பாலம் என மூன்றே உள்ளன. வடமேற்கே கிளிஃப்டனில் இன்னொன்று இருக்கிறது. அதையும் விட்டால் புறவழிச்சாலைப் பாலங்கள்தாம். புறவழிச்சாலையும் முழு வட்டமும் ஒரே தரத்தில் இல்லை. தெற்கிலும் கிழக்கிலும் செல்லும் ஏ64 அகன்ற இரட்டைச் சாலை. வடக்கிலும் மேற்கிலும் செல்லும் ஏ1237 பெரும்பகுதி திசைக்கு ஒரே தடம் கொண்டது, காலையும் மாலையும் ஒரு ரவுண்டானாவிலிருந்து அடுத்த ரவுண்டானா வரை வண்டிகள் வரிசைகட்டி நிற்பது வழக்கம். 2013-இல் லெண்டல் பாலத்தைப் பகல் வேளையில் கார்களுக்கு மூடிப் பார்த்த நகர மன்றம், எதிர்ப்பு வலுத்ததால் மறு ஆண்டே அந்தச் சோதனையைக் கைவிட்டது. ஒரு பாலத்தை மூடுவது அவ்வளவு பெரிய சண்டையாகும் ஊரில், வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் ஆறு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

உங்கள் சிக்கலும் அதில்தான் இருக்கிறது. ரயில் நிலையம் ஊஸின் மேற்குக் கரையில், மதிலுக்குச் சற்று வெளியே உள்ளது. பல்கலைக்கழகம் 1963-இல் தொடங்கப்பட்டது முதல் நகரின் தென்கிழக்கே ஹெஸ்லிங்டனில் இருக்கிறது. ஒருவருக்கு அக்கரை வேலை, மற்றவருக்கு இக்கரை ரயில். இந்த இரண்டையும் ஏறத்தாழச் சமமாக எட்டக்கூடிய பகுதி என்று பார்த்தால் சவுத் பேங்க் ஒன்றுதான் தேறும். பிஷப்தோர்ப் ரோட்டின் இருபுறமும் விரியும் இந்தப் பகுதியிலிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். அங்கிருந்து லீட்ஸ் ஏறக்குறைய அரை மணி நேரம். 2001-இல் திறக்கப்பட்ட மில்லினியம் பாலம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் மட்டுமானது. அதைக் கடந்து ஃபுல்ஃபோர்டு ரோட்டைத் தாண்டினால், மாடு மேயும் பொதுவெளியான வால்ம்கேட் ஸ்ட்ரேயின் ஊடே பாதை நேராகப் பல்கலைக்கழகத்தை நோக்கிப் போகிறது. சமதரையான ஊர் என்பதால் சைக்கிள் பழக்கம் இல்லாதவர்களுக்கும் சிரமம் தெரியாது. இதே பயணத்தைக் காரில் செய்தால் வடக்கே ஏறி, ஸ்கெல்டர்கேட் பாலத்தில் காத்திருந்து, மறுபடி தெற்கே இறங்க வேண்டும். சைக்கிள் ஓட்ட மனமில்லை என்றால் சவுத் பேங்க் பற்றி நான் சொல்லும் புகழ்ச்சியில் பாதியைக் கழித்துவிடுங்கள்.

சவுத் பேங்க்கின் வீடுகள் பெரும்பாலும் விக்டோரிய, எட்வர்டிய காலத்து வரிசை வீடுகள். மில்தார்ப் உயர்நிலைப் பள்ளி அங்கேயே இருக்கிறது. பிஷப்தோர்ப் ரோட்டுக் கடைத்தெரு 2015-இல் பிரிட்டனின் சிறந்த கடைத்தெருவுக்கான விருதைப் பெற்றது; அதன் பிறகு வீட்டு விலை பேசும் ஏஜென்ட்கள் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. தெற்குக் கோடியில் 2005-இல் மூடப்பட்ட டெரீஸ் சாக்லேட் தொழிற்சாலை இப்போது குடியிருப்பாக மாறியுள்ளது. அதை ஒட்டிய நேவ்ஸ்மயர் வெளியில் மே முதல் அக்டோபர் வரை குதிரைப் பந்தயம் நடக்கும் நாள்களில் தெருவெல்லாம் கூட்டமாக இருக்கும், ஆண்டில் சில நாள்தான் என்பதால் அதை ஒரு குறையாக நான் எண்ணுவதில்லை. உண்மையான குறை, விலை. அதே பரப்பளவுள்ள வீடு நகரின் மேற்கே உள்ள ஏகம் பகுதியில் கணிசமாகக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும்.

எந்தக் கரையானாலும் வெள்ளத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் அடுத்தடுத்த இரண்டு தெருக்களின் தலையெழுத்தை மாற்றுவது அதுதான். ஊஸ் ஆற்றுக்குத் தண்ணீர் வருவது யார்க்கில் பெய்யும் மழையால் அன்று. மேற்கே யார்க்ஷயர் டேல்ஸ் குன்றுகளில் பெய்யும் மழை ஸ்வேல், யூர், நிட் என்ற ஆறுகளின் வழியே இறங்கி, பெரும்பாலும் ஒரு நாள் கழித்து இங்கே வந்து சேரும். நகரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கரையோரச் சாலை முழுகிக் கிடப்பதைப் பார்க்கலாம். 2000 நவம்பரில் ஊஸ் தன் வழக்கமான கோடை மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 5.4 மீட்டர் உயர்ந்தது. ஃபாஸ் ஆற்றின் கதை வேறு. ஊஸ் பெருகும்போது அதன் நீர் எதிர்த்து ஏறாதபடி, இரண்டும் கூடும் இடத்தில் 1987-இல் ஒரு தடுப்புக் கதவு அமைத்தார்கள். கதவு மூடியிருக்கும் நேரத்தில் ஃபாஸில் வரும் நீரை எந்திரங்கள் ஊஸுக்குள் இறைத்துவிட வேண்டும். 2015 டிசம்பர் 26 அன்று எந்திர நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்து மின்சாரம் போகும் அபாயம் ஏற்பட்டதால், கதவைத் தூக்கிவிட நேர்ந்தது. அந்த வெள்ளத்தில் 600-க்கும் மேற்பட்ட கட்டடங்களுக்குள் நீர் நுழைந்தது. அவற்றில் ஹண்டிங்டன் ரோடு போன்ற, ஊஸ் கரையிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் தெருக்களும் அடக்கம். பின்னர் அந்த நிலையத்தின் எந்திரங்களை வலுப்படுத்தியிருக்கிறார்கள். ஆயினும் சின்ன ஆறுதானே என்று ஃபாஸ் ஓரத்தை மட்டும் நம்பிவிட வேண்டாம்.

ஒரு பகுதி முழுவதையும் வெள்ளப் பகுதி என்றோ பாதுகாப்பான பகுதி என்றோ சொல்ல முடியாது என்பதையும் கவனியுங்கள். சவுத் பேங்க்கின் பெரும்பகுதி மேட்டில் இருக்கிறது. அதை ஒட்டிய கிளெமென்தோர்ப்பில் ஆற்றை நோக்கி இறங்கும் தெருக்களின் கடைசி முனை அப்படி இல்லை. அத்தகைய தெருவில் மேலிருந்து கீழே நடந்து பார்த்தாலே தெரியும். முதல் வீடுகளின் வாசலில் பூந்தொட்டி மட்டும் இருக்கும். ஆற்றை நெருங்க நெருங்க வாசற்காலின் இருபுறமும் உலோகச் சட்டம் பதித்திருக்கும், அறிவிப்பு வந்ததும் தடுப்புப் பலகையைச் செருகுவதற்காக. தரையை ஒட்டிய காற்றுத் துவாரங்களுக்கு மூடி இருக்கும். உள்ளே போனால் மின் சாக்கெட்டுகள் இடுப்பு உயரத்தில் இருக்கும். ஏஜென்ட் ஒன்றும் சொல்லாவிட்டாலும் இந்த அடையாளங்கள் சொல்லிவிடும். அரசின் இணையதளத்தில் போஸ்ட்கோடைக் கொடுத்தால் அந்த முகவரியின் நீண்டகால வெள்ள அபாயம் தெரியும். வீடு வாங்கும்போது விற்பவர் நிரப்பும் சொத்து விவரப் படிவத்தில் வெள்ளம் பற்றிய கேள்வி உண்டு. வாடகைக்குப் போகிறவர்கள் தாங்களே வாய்திறந்து கேட்க வேண்டும். காப்பீட்டைப் பொறுத்தவரை, வெள்ள அபாயமுள்ள வீடுகளுக்கும் தாங்கக்கூடிய விலையில் காப்பீடு கிடைப்பதற்காக 2016 முதல் ஃப்ளட் ரீ என்ற ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. ஆனால் 2009 ஜனவரி 1-க்குப் பிறகு கட்டிய வீடுகள் அதில் சேரா. ஆற்றைப் பார்த்த புத்தம்புது அடுக்குமாடி வீடு பாதுகாப்பானது என்று பலர் எண்ணுவதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

மதிலுக்கு உள்ளே வசிக்கும் ஆசையைப் பற்றி. ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மதிலுக்குள், பிஷப்ஹில் போன்ற அமைதியான குடியிருப்புத் தெருக்கள் உண்டு. ரயிலுக்கு நடக்கும் தூரம், கார் தேவையில்லை, மாலையில் மின்ஸ்டர் பேராலயத்தின் மணியோசை கேட்கும். குழந்தை இல்லாத தம்பதிக்கு நானே அதைப் பரிந்துரைப்பேன். உங்கள் நிலையில் தடையாக இருப்பவை இவை: வீடுகள் சிறியவை, தோட்டம் அரிது, சனிக்கிழமை இரவு மிக்கிள்கேட் சாலை குடித்துக் கொண்டாட வருபவர்களால் நிறைந்திருக்கும், நவம்பர் நடுவில் தொடங்கும் கிறிஸ்துமஸ் சந்தைக் காலத்தில் பால் வாங்கப் போவதே பெரும்பாடு. நடுத்தெருக்கள் பலவற்றில் பகல் நேரத்தில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பதால், வீட்டுச் சாமான் இறக்கக்கூட நேரம் பார்க்க வேண்டும். வாங்குவதாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. பழைய நகரின் நடுப்பகுதி 1968 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருக்கிறது. அதன் பல கட்டடங்கள் தனித்தனியாகவும் பாரம்பரியப் பட்டியலில் உள்ளன. பட்டியலில் உள்ள வீட்டில் சன்னல் மாற்றுவதற்கும், உட்சுவரை எடுப்பதற்கும் தனி ஒப்புதல் வேண்டும். ஒப்புதலின்றிச் செய்வது குற்றவியல் சட்டப்படி குற்றம். முந்தைய உரிமையாளர் செய்த மீறலைச் சரிசெய்யும் பொறுப்பும் வாங்குகிறவர் தலையில் விழும். பழைமையின் அழகை வெளியே நின்று ரசிப்பதற்குக் கட்டணம் ஏதும் இல்லை.

வரிசை வீடுகளைப் பார்க்கப் போகும்போது, நம்மவர்கள் அறைகளை எண்ணிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நூறாண்டைத் தாண்டிய இந்த வீடுகளின் சுவர் பெரும்பாலும் ஒன்பது அங்குலத் திண்சுவர். பிற்காலத்து வீடுகளைப்போல இரண்டு அடுக்குக்கு நடுவே இடைவெளி விட்டுக் கட்டியவை அல்ல. குளிர்காலத்தில் சுவரின் உட்புறம் சில்லிட்டிருக்கும். சமையலில் எழும் ஆவியும், உள்ளே உலர்த்தும் துணியின் ஈரமும் அந்தச் சுவரில் படிந்து, முதலில் அலமாரிக்குப் பின்னாலும் பிறகு மூலையிலும் கரும்பூசணமாகப் படரும். ஆகவே பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையலறைக்குள் போய், புகைபோக்கி விசிறி காற்றை உண்மையாகவே வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள். படுக்கையறையின் வெளிச்சுவரை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். புதிதாக வெள்ளையடித்த வாசனை ஒரு சுவரில் மட்டும் வந்தால் ஏன் என்று கேளுங்கள். வாடகைக்கு விடும் வீட்டின் ஆற்றல் தரச் சான்றிதழ் குறைந்தது ‘இ’ தரமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். ‘இ’ தர வீட்டில் வாடகையில் மிச்சம் பிடித்த பணம் ஜனவரியில் எரிவாயுக் கட்டணமாகப் போய்விடும், ஆகவே ‘சி’ தரத்தைத் தேடுவது நல்லது.

கிழக்குக் கரையில் பார்ப்பதானால் ஃபிஷர்கேட்டும் ஃபுல்ஃபோர்டும் பல்கலைக்கழகத்துக்கு மிக அருகில் உள்ளவை. ஃபுல்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளிக்குக் கிராக்கி அதிகம் என்பதால் அதன் எல்லைக்குள் இருக்கும் வீடுகளுக்கும் கிராக்கி. ஃபுல்ஃபோர்டு ரோட்டின் நெரிசல் மட்டும் தீராத தலைவலி. ஹெஸ்லிங்டன் ரோட்டைச் சுற்றிய தெருக்களில் மாணவர் வீடுகள் மிகுதி. 2012 ஏப்ரல் முதல், குடும்ப வீட்டைப் பலர் பகிரும் வாடகை வீடாக மாற்ற நகர மன்றத்தின் திட்ட அனுமதி தேவை என்ற கட்டுப்பாடு வந்த பிறகு அந்தப் பெருக்கம் மட்டுப்பட்டிருக்கிறது, முன்பே மாறிய வீடுகள் அப்படியே உள்ளன. முன்தோட்டத்தில் மூன்று நான்கு சைக்கிள்களும், வாரம் முழுதும் வாசலிலேயே நிற்கும் குப்பைத் தொட்டிகளும் இருந்தால் அது மாணவர் வீடு. மாணவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒன்பது வயதுக் குழந்தை உறங்கும் நேரத்தில் அவர்கள் உறங்குவதில்லை, அவ்வளவுதான்.

டாங் ஹால் பகுதியைப் பற்றி ஊரில் ஒரு தாழ்ந்த எண்ணம் உண்டு. உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் மன்றம் கட்டிய வீடுகள் அங்கே நிறைய. தோட்டங்கள் தாராளமாக உள்ளன. பழைய சரக்கு ரயில் தடத்தின் மீது அமைத்த சைக்கிள் பாதை ஊடே செல்கிறது. பல்கலைக்கழகத்துக்கு எளிதாகப் போகலாம். நிலையம் எதிர்க்கரை என்பதை மட்டும் பொறுத்துக்கொண்டால், கொடுக்கும் பணத்துக்கு அங்கே கிடைக்கும் இடம் மற்ற எங்கும் கிடைக்காது. அதன் வடக்கே உள்ள ஹியூவொர்த் சற்று வசதியானது, அமைதியானது.

மேற்கே ஹோல்கேட் ரயில்வே தொழிலாளர்களுக்காக எழுந்த பகுதி. நிலையத்துக்கு நடை தூரம். அதற்கும் அப்பால் ஏகம், முன்பு தனிக் கிராமமாக இருந்து தன் கடைத்தெருவை இன்னும் வைத்திருக்கிறது. லீட்ஸ் வேலை மட்டும் இருந்திருந்தால் ஏகம் போதும் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். ஹெஸ்லிங்டனுக்கு அங்கிருந்து நகரையே குறுக்கே கடக்க வேண்டும். வடக்கே கிளிஃப்டனும் பூத்தமும் விகின்டன் ரோட்டு மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கு ஏற்றவை. சாக்லேட் முதலாளி ஜோசப் ரவுன்ட்ரீ 1902-இல் தொடங்கிய நியூ இயர்ஸ்விக் தோட்டக் குடியிருப்பும் அந்தப் பக்கம்தான். பார்க்க வேண்டிய இடம், உங்களுக்கு வசிக்கத் தோதான இடம் அன்று.

கிராமங்களுக்கு வருவோம். ஹாக்ஸ்பி, ஸ்ட்ரென்சல், டன்னிங்டன், காப்மன்தோர்ப், பாப்பிள்டன் எல்லாம் புறவழிச்சாலைக்கு வெளியே, பசுமை வளையம் என்ற கட்டுப்பாட்டு நிலத்துக்கு நடுவே இருப்பவை. நகரம் பரவி அவற்றை விழுங்கிவிடாமல் காப்பது அந்த வளையம். நகருக்குள் வீடு குறைவாகவும் விலை அதிகமாகவும் இருப்பதற்கும் அதுவே ஒரு காரணம். பெரிய வீடு, நல்ல தொடக்கப் பள்ளி, அமைதி என்று ஏஜென்ட்கள் சொல்வது பொய்யன்று. ஆயினும் இரவு எட்டு மணிக்கு மேல் பேருந்து எத்தனை என்று கால அட்டவணையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பல கிராமங்களில் ஒரு கார் போதாமல் இரண்டாவது கார் வாங்க நேரும், அந்தச் செலவை வாடகையோடு கூட்டிப் பார்த்தால் சவுத் பேங்க்கின் விலை அவ்வளவு மிரட்டாது. மகளுக்குப் பதின்மூன்று வயதாகும்போது தோழியைப் பார்க்க யார் காரில் கொண்டுவிடுவது என்பதையும் இப்போதே யோசிக்கலாம். இவற்றுள் சேராத விதிவிலக்கு ஒன்று உண்டு. பிஷப்தோர்ப் கிராமம் புறவழிச்சாலைக்கு உட்புறத்தில் இருக்கிறது. லண்டன் ரயில் பாதை 1983-இல் இடம் மாறியபோது கைவிடப்பட்ட பழைய தடம் இப்போது செல்பி வரை சைக்கிள் பாதையாக அந்தக் கிராமத்தை ஒட்டிச் செல்வதால், காரில்லாமலே நகருக்குள் வந்துவிடலாம்.

பள்ளியைப் பொறுத்தவரை இங்கே காலக்கெடுக்கள் கறாரானவை. உங்கள் மகளுக்கு இப்போது வேண்டியது தொடக்கப் பள்ளியில் நடுவாண்டு இடம். அது காலியிடத்தைப் பொறுத்தது என்பதால், வீட்டை உறுதி செய்வதற்கு முன்பே மன்றத்தின் சேர்க்கைப் பிரிவிடம் அந்தப் பகுதியில் எந்தப் பள்ளியில் அவளுடைய வகுப்பில் இடம் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். உயர்நிலைப் பள்ளிக்கு ஆறாம் வகுப்பின் தொடக்கத்தில், அக்டோபர் 31-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளி எல்லைக்குள் வசிப்பவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்பதால், வீடு வாங்கும் திட்டத்தை அந்தத் தேதிக்கு முன்னதாக முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். எல்லைக்கோடு ஒரே தெருவின் நடுவில்கூட ஓடும். வரைபடத்தில் வீட்டு எண் வரை சரிபாருங்கள்.

கார் விஷயத்தில் என் ஆலோசனை, முதல் ஆறு மாதம் இல்லாமல் இருந்து பார்ப்பது. மதிலை ஒட்டிய தெருக்களில் பெரும்பாலானவற்றில் மன்றத்தின் பெர்மிட் இல்லாமல் நிறுத்த முடியாது. புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் சிலவற்றில் வசிப்பவர்களுக்குப் பெர்மிட் கிடைக்காது என்ற நிபந்தனை திட்ட அனுமதியிலேயே இருக்கும், ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மன்றத்திடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மழை நாளில் நிலையத்தின் பக்கமிருந்து பல்கலைக்கழகத்துக்கு 66-ஆம் எண் பேருந்து அடிக்கடி உண்டு.

வாடகைக்கு எடுக்கும்போது, வீட்டை ஒதுக்கி வைக்கக் கேட்கும் தொகை ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது. முன்வைப்புத் தொகை, ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீடுகளுக்கு ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. இது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு மேல் கட்டணம் கேட்பவர்களிடம் விலகியே இருங்கள். நகர மன்றத்துக்குச் செலுத்தும் கவுன்சில் வரி, வீட்டின் 1991 மதிப்பை வைத்துப் பிரித்த ‘ஏ’ முதல் ‘எச்’ வரையான படிகளின்படி வசூலிக்கப்படுகிறது. வாடகையோடு இதையும் சேர்த்துத்தான் இரண்டு வீடுகளை ஒப்பிட வேண்டும். வாடகை வீட்டைத் தேடும் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் சவுத் பேங்க்கின் மேட்டுத் தெருக்கள்; அங்கே கிடைக்காவிட்டால் ஃபிஷர்கேட்டில், ஆற்றங்கரையையும் மாணவர் தெருக்களையும் தவிர்த்து; அதற்குப் பிறகு டாங் ஹால் அல்லது ஹோல்கேட், உங்கள் இருவரில் யாருடைய பயணத்தைச் சுருக்க வேண்டும் என்று முடிவு செய்து. வாங்குவதற்கு முன் ஒரு குளிர்காலத்தை இங்கே கழித்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் ஊஸ் ஏறும் ஒரு நாளில், மில்லினியம் பாலத்துக்கு வரும் கரையோரப் பாதை முழுகியிருக்கும்போது உங்கள் மனைவி எந்த வழியாக வேலைக்குப் போகிறார், எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்த பிறகு வீட்டுக்கு விலை பேசலாம்.